ஒருத்திக்குப் போட்ட பாதை

காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன் எங்கள் ஷூ கம்பெனி டைம் ஆபீஸ் தொலைபேசி ஓயாது. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் விசேஷம், யார் பிள்ளைக்குப் பள்ளியில் கூட்டம் என்று எல்லா லீவும் அந்த நேரத்தில்தான் வரும். ஒரு கையில் ரிசீவர், மறு கையில் பேனா என்று அதை எடுத்துக் குறித்துக்கொள்வது என் வேலை. ஜனவரி தொடக்கத்தில் ஒரு நாள் அப்படித்தான் எடுத்தேன். "மேடம், நாலாவது லைன் ரோஸ்லின் இருக்காங்கல்ல, அவங்க பொண்ணு பேசறேன். அம்மா இன்னிக்கி வேலைக்கு வர மாட்டாங்க" என்றாள். அவளுக்கு என் குரல் தெரியவில்லை. நானும் எல்லோரையும் கேட்பதுபோல, "நாளைக்கி வந்துடுவாங்களா?" என்று கேட்டேன். "இல்ல மேடம். அம்மா காலைல தவறிட்டாங்க. லீவுன்னா ஷிப்டுக்கு முன்னாடியே சொல்லிடணும்னு அம்மா சொல்லுவாங்க. அதான் பண்ணேன்" என்றாள்.

"நான்சி, நான் கோமதி ஆன்ட்டிம்மா" என்றேன். அதன் பிறகுதான் அவள் அழுதாள். விடியற்காலையில் எழுந்து, நெஞ்சைக் கரிக்கிறது என்று மறுபடியும் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் ரிசீவரை வைத்ததும் அது திரும்பவும் அடித்தது. யாருக்கோ வயிற்றுப்போக்கு. அதையும் எழுதிக்கொண்டேன்.

கம்பெனியில் இருக்கிற உங்களில் பெரும்பாலோர் ரோஸ்லின் அக்காவை நாலாவது லைன் சூப்பர்வைசராக அறிவீர்கள். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிற அந்த லைனில் அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதைக் கல்லறைத் தோட்டத்தில் அன்று கண்ணால் பார்த்தோம். கூட்டம் வாசலுக்கு வெளியே ரோடுவரை நின்றது. ஆனால் அவர் சைக்கிள் ஓட்டுவார் என்பது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். தெரிந்தவர்களும், "இந்த அம்மாவுக்கு வேற வேலயில்ல" என்று சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன். சிரித்தவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. அவர் வாழ்வின் அந்தப் பாதியைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் பழக்கம் கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில் தொடங்கியது. நான் குடியாத்தத்துக்காரி. வீட்டில் அண்ணன்களுக்கு லுங்கித் தறி. அம்மா போன பிறகு அந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் இருப்பதாகத் தோன்றவில்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. ஆம்பூரில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் மாலை அக்கா என் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழம இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். துணி துவைப்பேன் என்றேன். "அப்பறம்?" தூங்குவேன் என்றேன். "அப்பறம்?" எனக்கு எரிச்சலாக வந்தது. "அப்பறம் திங்கக்கெழம வந்துடும் அக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "எம் பொண்ணு சைக்கிளு ஊட்ல சும்மா நிக்கிது. வர்ற ஞாயித்துக்கெழம மொத பூச முடிஞ்சி வர்றேன். கெளம்பி இரு" என்றார்.

அது நான்சி பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள். அவள் வேலூருக்குக் கல்லூரிக்கு பஸ்ஸில் போகத் தொடங்கியதும் துருப்பிடித்துக் கிடந்தது. கியர் கிடையாது. முன்கூடை ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். என் சைக்கிளுக்கும் கியர் கிடையாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு முதலில் பச்சகுப்பம் போனோம். பிறகு பேரணாம்பட்டு. தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை முடிந்து புளியமரங்கள் தொடங்குகிற இடத்தில் அக்கா கொஞ்ச நேரம் மூச்சை நன்றாக இழுத்து விடுவார். வாரம் முழுவதும் பசை நெடியில் இருந்தவருக்கு அது வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று எனக்கு வந்தது அப்படித்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரு நாள் பெரிய ஆசை வந்துவிட்டது. ஆம்பூரில் கிளம்பி, வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையேறி, ஜமுனாமரத்தூரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் போளூர் பக்கம் இறங்கி, கண்ணமங்கலம், வேலூர், பள்ளிகொண்டா என்று சுற்றிக்கொண்டு திரும்பவும் ஆம்பூருக்கு வரவேண்டும். போன வழியில் திரும்பக் கூடாது. ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். "அக்கா, இது நடக்கிற கதையா?" என்று கேட்டேன். "நடக்கற கதயில்ல, மிதிக்கிற கத. ரூட்டப் போட்டுட்டா போய்டலாம். ரூட்டு போடறதுதான் வேல" என்றார். அந்த வேலை ஏறக்குறைய இரண்டு வருஷம் நடந்தது.

அவர் ரூட்டு போட்ட விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். செல்போன் வரைபடத்தை அவர் நம்பவில்லை. "அது மேட்டயும் பள்ளத்தயும் ஒரே கோடா போடுது" என்பார். பெண்களுக்கு அரசு பஸ்ஸில் சீட்டு இலவசமானதல்லவா, அதுதான் அவருக்கு வழி. பூசை முடிந்து, பஸ்ஸில் எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். மலை ஏறுகையில் டிரைவர் எந்த இடத்தில் எந்தக் கியருக்கு மாற்றுகிறார் என்று காதைக் கொடுத்துக் கேட்பார். அவருடைய கணக்கு இதுதான்: "தர்டுல போனா நின்னு மிதிச்சி ஏறிடலாம். செகண்டு போட்டா எறங்கித் தள்ளணும். பர்ஸ்ட்டு போட்டா ஒக்காந்து தண்ணி குடிக்கணும்." மேலே போய் ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் இறங்குவார். ஒரு முறை நானும் கூடப் போயிருந்தேன். கண்டக்டர் குழம்பிப்போய், "இன்னாம்மா, இப்பதான வந்தீங்க? யாரையும் பாக்கலயா?" என்று கேட்டார். "ரோட்ட பாத்துட்டேன், போதும்" என்றார் அக்கா.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் போகிற ஏற்றம் முழுக்க மூன்றாவது கியர்தான் என்று அக்கா அடித்துச் சொன்னார். ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு நாள் இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனோம். முதல் வளைவிலேயே எனக்கு நாக்குத் தள்ளியது. அக்காவும் இறங்கிவிட்டார். தள்ளுவதற்கே முடியவில்லை. ஒரு பாறைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அவருக்குத் திடீரென்று உறைத்தது. அவர் போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பஸ் காலி. நாலு பேர் உட்கார்ந்திருக்கிற பஸ் எந்த மேட்டையும் மூன்றாவது கியரில் ஏறிவிடும். "லைன்ல பாதிப் பேரு லீவு போட்ட அன்னிக்கி டார்கெட்டு பாத்து, இதான் கணக்குன்னு எழுதுன மாதிரி ஆய்டுச்சி கோமதி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பாறைமேலேயே விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு லீவு போட்டுவிட்டுச் சந்தை நாளில் போனார். புளி மூட்டையும் பலா மூட்டையும் ஆட்களும் நெருக்க, நின்றுகொண்டே எஞ்சினைக் கேட்டார். மொத்தப் பாதையையும் நிறைந்த பஸ்ஸில் மறுபடி கேட்டு முடித்தார்.

ஏற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு பெண்கள் நாள் முழுக்க ரோட்டில் இருக்க வேண்டும் என்றால் பெரிய பிரச்சினை வேறு. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அக்காவைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டால் அது அக்காவைப் பற்றியதே ஆகாது. ஒன்றுக்குப் போக இடம் வேண்டும். வெளியூர் கிளம்பினால் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் இருக்கும். அக்காவுக்கு அந்தப் பழக்கத்தின்மேல் ஒரு தனிக் கோபம் இருந்தது.

அது லைனிலிருந்து வந்த கோபம். அவர் சூப்பர்வைசர் ஆன புதிதில், பாத்ரூம் போகத் தயங்கி மத்தியானம்வரை தண்ணீரே குடிக்காமல் தைத்த ஒரு பெண் மெஷின்மேலேயே மயங்கி விழுந்தாள். அன்றைக்கு அக்கா லைனில் நின்று சொன்னதை அங்கே இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. "எங்கிட்ட வந்து போகட்டுமான்னு கேக்காதீங்க. போறேன்னு சொல்லிட்டுப் போங்க. மெஷினு நான் பாத்துக்கறேன்." சொன்னபடியே எழுந்து போனவளின் இடத்தில் தான் உட்கார்ந்து தைத்தார். அந்த லைனில் அக்கா உட்காராத நாற்காலி கிடையாது. மேலே இருப்பவர்கள் இதற்காக அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "டார்கெட்டு கம்மியானா கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். டார்கெட் கம்மியாகவில்லை என்பது டைம் ஆபீஸில் இருக்கிற எனக்குத் தெரியும்.

ஆகவே அவர் பாதையை ஊர்களை வைத்துப் போடவில்லை. லைனைவிட்டுப் போன பெண்களை வைத்துப் போட்டார். கல்யாணமாகிப் போனவர்கள், பிள்ளைப்பேற்றுக்கு நின்றவர்கள், இடுப்பு வலி தாங்காமல் விட்டவர்கள் என்று சுற்றுப்பட்டில் எல்லா ஊரிலும் அவருக்கு யாராவது இருந்தார்கள். ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய், கழிப்பறை இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். பிறகு அவர் ஊர்ப்பெயரே சொல்வதில்லை. "மொதல்ல பர்வீன். பர்வீன்லேர்ந்து அமுதா. அமுதா தாண்டுனா மேடு ஆரம்பம். ராத்திரிக்கி செல்வி" என்பார். வாணியம்பாடிக்குப் பெயர் பர்வீன், ஆலங்காயத்துக்குப் பெயர் அமுதா. கேட்டுக் கேட்டு எனக்கும் ஊர்ப்பெயர்கள் மறந்துபோயின.

ஒரே ஓர் இடம் மட்டும் அடைபடவில்லை. ஜமுனாமரத்தூரில் செல்வி வீட்டை விட்டால் போளூர்வரை ஆள் இல்லை. நடுவே காடு, அதன் பிறகு அத்திமூர் இறக்கம். அந்தப் பக்கத்துப் பெண் யாரும் எங்கள் லைனில் வேலை பார்த்ததில்லை. அக்கா விசாரித்துக்கொண்டே இருந்தார். "காடுதான அக்கா, ஒதுங்கிக்கலாம்" என்றேன் ஒரு நாள், அலுத்துப்போய். அப்போது அவர் சொன்ன பதிலை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒதுங்கலாம். ஒருத்தி போனா ஒருத்தி ரோட்ல காவல் நிக்கலாம். தனியா வர்றவளுக்கு யாரு நிப்பா? ரெண்டு பேருக்குப் போட்ட ரூட்டு ஒருத்திக்கி ஒதவாது கோமதி. ஒருத்திக்கின்னு போட்டா ரெண்டு பேருக்கும் ஆவும்."

குடியரசு தினம் திங்கட்கிழமை வந்தது. ஞாயிறும் திங்களும் சேர்த்து இரண்டு நாள். பொங்கலை ஒட்டி எருது விடும் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொள்ளும் என்பதால் அது ஓய்ந்தபின் வருகிற அந்த லீவைத் தேர்ந்தெடுத்தார். பர்வீனில் தொடங்கி எல்லோருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. போளூருக்கு முன்னால் இருக்கிற அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் யாருமில்லை. "கெடைக்கும், இன்னும் நாள் இருக்குது" என்றார். இது அவர் இறப்பதற்கு முந்தின ஞாயிறு.

அடக்கம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து நான்சி என் அறைக்கு வந்தாள். அம்மாவின் செல்போனைக் கையில் வைத்திருந்தாள். "ஆன்ட்டி, இவங்கள்லாம் ஃபோன் பண்ணிட்டே இருக்காங்க. ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கி வருவீங்கன்னு கேக்கறாங்க. எனக்கு சொல்ல வாய் வரல. அம்மா வேலயா இருக்காங்கன்னு சொல்லி வச்சிடறேன்" என்றாள். லைனில் இருப்பவர்களுக்கெல்லாம் செய்தி போய்விட்டது, வேலையை விட்டு வெளியூர் போனவர்களுக்குத்தான் போகவில்லை. நான் போனை வாங்கி, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேர வேலை. ஆனால் வேலை நாள் முழுக்க ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள் நான். இந்த ஒரு செய்தியை அப்படிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. "நீ சொல்ல வேணாம். ஞாயித்துக்கெழம நானே போய் சொல்றேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை ஒரு கிலோமீட்டர்கூட நான் அக்கா இல்லாமல் வெளியூர் ரோட்டில் மிதித்ததில்லை. எப்போதும் அவர் முன்னால் போவார், நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு போவேன்.

ஞாயிறு விடியலில் கிளம்பினேன். நெடுஞ்சாலை ஓரத்துச் சின்ன ரோட்டில் பனி. பேச ஆளில்லாமல் மிதிக்கும்போது சங்கிலிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. பர்வீனிடம் எப்படிச் சொல்வது என்று வாணியம்பாடிவரை ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் வாசல் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். என் பின்னால் தெருமுனைவரை எட்டிப் பார்த்தாள். "அக்கா பின்னாடி வர்றாங்களா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "இரு இரு, ஒண்ணும் பேசாத. மொதல்ல பாத்ரூம் போய்ட்டு வா. வந்ததும் அதான் செய்யணும், பேச்செல்லாம் அப்பறம்னு அக்கா ஃபோன்ல அத்தன தடவ சொன்னாங்க" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போய் விட்டாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன். தொட்டி நிறையத் தண்ணீர். புது சோப்பு. வெளியே அவள் யாரிடமோ உருதுவில் பாத்திரம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தக் கதவைத் திறந்தால் அவளிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியபோது, அந்தப் புது சோப்பைப் போட்டு இன்னொரு முறை கை கழுவினேன்.

சொன்னேன். பர்வீன் அழவில்லை. என்னைத் திட்டினாள். "ஃபோன்ல சொல்றதுக்கு இன்னா? ரெண்டு பேருக்கு சேமியா பண்ணி வச்சிக்கினு காலைலேர்ந்து ரோட்ட பாத்துக்கினு இருக்கேனே" என்று சத்தம் போட்டவள், அப்படியே என் தோளில் சாய்ந்துவிட்டாள். தன் முதல் பிரசவத்துக்கு அக்கா ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். அது எனக்குத் தெரியாத கதை. ஆலங்காயத்தில் அமுதா நான் சொன்னதை நம்பவேயில்லை. என் கண்முன்னாலேயே அக்காவின் எண்ணுக்கு அடித்தாள். நான்சி எடுத்தாள். அதற்குப் பிறகு அமுதாவும் அவளும் பேசிக்கொண்டதை நான் கேட்காமல் வெளியே வந்து சைக்கிள் பக்கத்தில் நின்றேன்.

துக்கத்தைப் பகிர்ந்துகொண்டால் குறையும் என்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. ஒவ்வொருத்தியிடமும் அவளுக்கென்று ஓர் அக்கா இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லி அழுதார்கள். நான் தேற்றினேன். தேற்றி முடித்துச் சைக்கிளில் ஏறினால் ரோட்டில் மறுபடியும் நான் மட்டும்தான். முன்னால் பார்க்க ஒரு முதுகு இல்லை. காவலூர் ஏற்றத்தில் ஒரு பஸ் என்னைக் கடந்து போனது. நிறைய ஆட்கள். கியர் இறங்குகிற சத்தம் கேட்டதும் நானும் இறங்கித் தள்ளினேன். அக்கா போட்டது ஓரிடத்தில்கூடத் தப்பவில்லை. பாராட்டுவதற்குத் திரும்பிப் பார்த்தால் யாருமில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. அங்கே ரோட்டோரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். ஆட்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் செல்வி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் மலையிலிருந்து ஆம்பூருக்கு வந்து ஹாஸ்டலில் தங்கி நம் லைனில் தைத்தவள். சொன்னதும் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் அழைத்துப் போனாள். "கட்டுன நாள்லேர்ந்து இந்தக் கக்கூஸ்ல வெறகுதான் அடுக்கி வச்சிருந்தோம். அக்கா வந்து பாத்துட்டு, நான் வர்றதுக்குள்ள இத காலி பண்ணலன்னா உன் ஊட்ல தண்ணி கூட குடிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போச்சி. போன வாரந்தான் வெறக எல்லாம் வெளிய எடுத்துக் கழுவி விட்டோம்" என்றாள். சுவரோரம் விறகு புதிதாக அடுக்கியிருந்தது. "வந்து பாக்காமயே போய்டுச்சே" என்றாள் செல்வி. இருவரும் சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டோம். மலைக் குளிருக்கு அவள் மூன்று போர்வை கொடுத்தாள்.

காலையில் செல்வி என்னைத் தனியே விடமாட்டேன் என்றாள். "போளூரு வரிக்கும் காடு. அவர பைக்ல பின்னாடியே வரச் சொல்றேன். பேஜாரு புடிச்ச ரோடு அது" என்றாள். அவள் வீட்டுக்காரரும் சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். பின்னால் ஒரு பைக் உறுமிக்கொண்டு வர நான் முன்னால் மிதிப்பதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். "அக்கா இத ஒருத்திக்கின்னு போட்டிருக்காங்க செல்வி" என்றேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கிளம்புவதற்கு முன் அவள் கொடுத்த டீயைக் குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டேன். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தேன். வேண்டுமென்றேதான் குடித்தேன். அந்த இறக்கத்தில் வாயைக் கட்டிக்கொண்டு போனால் அக்கா போட்ட பாதையில் கிளம்பியதற்கே அர்த்தமில்லை என்று ஒரு வீம்பு.

வீம்பின் பலன் பாதி இறக்கத்திலேயே தெரிந்தது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துவிட்டன. இரண்டு பக்கமும் மூங்கிலும் மரமும். குரங்குகள் உட்கார்ந்திருந்தன. கண்ணுக்கு இதமான ரோடு என்று எழுத ஆசைதான், ஆனால் நான் அன்றைக்கு அதைப் பார்க்கிற நிலையில் இல்லை. ஒதுங்கலாம் என்றால் வளைவுக்கு வளைவு பைக் வந்துகொண்டிருந்தது. காவலுக்கு ஆளில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கீழே வந்து சேர்ந்தேன். மலை முடிந்து சமதரை தொடங்குகிற இடத்தில் சில வீடுகள். முதல் வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வீட்டு வாசலில் என் வயதொத்த ஒரு பெண் புளி உடைத்துக்கொண்டிருந்தார்.

சைக்கிளை நிறுத்தியதும் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சந்தேகம். "குழு லோன் வசூலா? வாங்கனவ ஊட்ல இல்ல. ஆரணிக்குப் போய்க்கிறா" என்றார். நான் யாருடைய கடனையும் கேட்க வரவில்லை என்றேன். "அப்ப இன்னா வேணும்?" என்றார். இதுவரை வந்த வழியில் எந்த வீட்டிலும் நான் வாயைத் திறந்து கேட்கவில்லை. எல்லாவற்றையும் அக்கா முன்னமே கேட்டு வைத்திருந்தார். இங்கே கேட்டு வைக்க அவருக்கு நாள் கிடைக்கவில்லை. "கொஞ்சம் பாத்ரூம் போவணும்மா" என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது. அவர் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கேர்ந்து வர்ற?" "ஆம்பூரு." "சைக்கிள்லயா?" "ஆமா." "கூட யாரும் வரலயா?"

முந்தின நாளிலிருந்து இதே கேள்விக்கு ஒவ்வொரு வாசலிலும் நான் நின்று, இறந்த செய்தியைச் சொல்லியிருந்தேன். இவருக்கு அக்காவைத் தெரியாது. இவரிடம் சொல்ல எதுவுமில்லை. "வரல" என்றேன். அவ்வளவுதான். அவர் மடியிலிருந்த புளியை உதறிவிட்டு எழுந்தார். "பின்னாடி தகரக் கதவு. தண்ணி டிரம்முல இருக்குது. பாத்து, தாழ்ப்பாளு கொஞ்சம் லூசு, கதவ தூக்கிப் போடணும்" என்றார். திரும்பி வந்தபோது குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பெயரைக் கேட்டேன். "எம் பேரு எதுக்கு?" என்று மறுபடி சந்தேகப்பட்டார். அடுத்த முறை வந்தால் கூப்பிடுவதற்கு என்றேன். "பச்சையம்மா" என்றார். "வெயிலு ஏறிக்கும், பாத்துப் போ" என்று சொல்லிவிட்டுப் புளியின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

போளூரிலும் கண்ணமங்கலத்திலும் வேலூரிலும் சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆம்பூர் வந்து சேர்ந்தேன். பாதை முழு வட்டமாகிவிட்டது. எங்கேயும் இடைவெளி இல்லை. இனி எந்தப் பெண் தனியாகக் கிளம்பினாலும் அதில் போய் வரலாம். அறைக்குள் வந்து விளக்கைப் போட்டதும் என் கை தானாகச் செல்போனை எடுத்தது. யாரைக் கூப்பிட எடுத்தேன் என்பது தெரிந்தவுடன் கீழே வைத்தேன்.

ரோஸ்லின் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, முன்பின் தெரியாத வாசலில் நின்று எனக்கு இது வேண்டும் என்று கேட்கிற ஒரு வாய். அதுவும் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறது, இன்னும் பழக வேண்டும். இன்னொன்று, ஒரு பெயர். அத்திமூர் இறக்கம் முடிகிற இடத்தில் பச்சையம்மா என்று ஒருவர் இருக்கிறார். தண்ணீர் இருக்கிறது, கதவைத் தூக்கித் தாழ்ப்பாள் போட வேண்டும். உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இது ஒரு செய்தி. அவரிடம் சொல்ல முடியவில்லை. அதனால் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.